கதிரையும் நாற்காலியும்

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியனுக்குச் சிவப்பு மைப் பேனையே படைக்கலம். அதனை எடுத்த எடுப்பிலே வீசிவிட்டுப் பின்னர் இருந்து வருந்தியோர் எத்தனை பேரோ, நானறியேன். அவ்வாறு வருந்தியவருள் நானும் ஒருவன் என்பதை மாத்திரம் இங்கே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளின் முன் நடந்தது அது. பண்டிதர் பட்டத்தின் சூடு எனக்கு ஆறாதிருந்த காலம். மட்டக்களப்பு நகரை அடுத்த ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 'எங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருள்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், தன் தந்தை தன் கையாலே செய்த கதிரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை மிகவில்லை. சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லியிருந்தான். ஆயினும் 'கதிரை' என்னும் சொல் அந்த ஒரு பக்கத்தில் பதினொரு முறை வந்திருந்தது. பதினொரு முறையும் அதனை வெட்டி 'நாற்காலி' என்று மேலே எழுதினேன். அதுவும் போதாதென்று, 'பிறமொழிச் சொற்களை விலக்கி எழுதுக' என்று அடியில் ஒரு கட்டளையும் இட்டேன்.

மறுநாட் காலை அவன் கொப்பியோடு என்னிடம் வந்தான். "சேர், எங்கட பப்பா கதிரைதான் செய்வார். நாற்காலி செய்ய அவருக்குத் தெரியாது" என்றான்.

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் பகிடியாகச் சொன்னானல்லன். தன் தந்தையாரின் தொழிலையே நான் சிவப்பு மையால் வெட்டிவிட்டேன் என்று அவன் எண்ணினான் போலும். சொல்லின் பிறப்பை அறியாமலே அதற்குத் தீர்ப்பு எழுதிய குற்றம் அன்று மாலையிலிருந்து என்னை உறுத்தத் தொடங்கிற்று. அந்த உறுத்தலாலே நான் தேடிக் கற்றதைத்தான் ஈண்டு வாசகர்முன் வைக்கின்றேன்.

கதிரையும் கதிரைவேலனும்

முதலில், என் அறியாமை சென்ற வழியையும் சொல்லிவிடுகிறேன். கதிரை என்பது தமிழ்ச் சொல்லே என்று நாட்டிவிட்டால் குற்றம் நீங்கிவிடும் என்று நினைத்தேன். 'கதிர்' என்பது பகுதி, 'ஐ' விகுதி. நெற்கதிரின் தாளாற் பின்னிய இருக்கை கதிரை ஆயிற்று என்று ஒரு விளக்கம் மனத்தில் எழுந்தது. சில நாள் அதனை மெச்சிக்கொண்டும் திரிந்தேன். வைக்கோலாற் பின்னிய கதிரையை இந்நாட்டில் யார் கண்டார் என்று என்னையே நான் கேட்டபோது அவ்விளக்கம் தானே உதிர்ந்தது. சொல்லாராய்ச்சியில் இறங்கும் பண்டிதர்க்கு வரும் முதற் சோதனை இஃது. ஒலி ஒத்தால் உறவு உண்டென்று கொள்ளுதல், முகம் ஒத்தவரையெல்லாம் உடன்பிறந்தார் என்று கொள்வது போல்வதாகும்.

ஒலியால் மயக்கும் இன்னொரு 'கதிரை'யும் நம்மிடையே உண்டு. கதிர்காமத்தைச் சுருக்கிக் 'கதிரை' என்பது நம்மவர் வழக்கு. கதிரைமலை என்கிறோம், கதிரைவேலன் என்று முருகனை அழைக்கிறோம். யாழ்ப்பாணத்து மேலைப் புலோலியிற் பிறந்து, தமிழகராதி தொகுத்துப் புகழெய்திய நா. கதிரைவேற்பிள்ளையவர்களின் பெயரும் அவ்வழி வந்ததே. வாவியின் மேலைக் கரையிலுள்ள மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்போம். ஆண்டுதோறும் அடியார்கள் மட்டக்களப்பு வழியாகப் பொத்துவில், பாணமை, குமணைக் காடு என்று கால்நடையாகவே கதிரைக்குப் போகின்றனர். ஒருமுறை வகுப்பில், "கதிரைவேலன் என்றாற் பொருள் என்ன?" என்று கேட்டதற்கு, "கதிரையில் இருக்கிற வேலன்" என்று ஒரு பிள்ளை விடை சொன்னாள். இடப்பெயராகக் கொண்டால் அவ்விடை சரியே. வீட்டுப் பொருளாகக் கொண்டால் நகைப்புக்கு இடமாகும். சொல் ஒன்று போலத் தோன்றினும் பிறப்பு வேறு. ஒன்று முருகன் பதியின் பெயர். மற்றையது கடல் கடந்து வந்த தளபாடத்தின் பெயர்.

கடல் வழி வந்த சொல்

நாம் இருக்கும் கதிரை போர்த்துக்கேய மொழியிற் 'கதெய்ரா' எனப்படும். அது இலத்தீன மொழியின் 'கதேத்ரா' என்பதிலிருந்து பிறந்தது. இலத்தீனரோ அதனைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். கிரேக்க மொழியிற் 'கத' என்பது கீழ் நோக்குதலைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஹெத்ரா' என்பது இருக்கை. ஆகவே, கீழே அமர்தற்குரிய இடம் என்பதே அச்சொல்லின் முதற் பொருள். நம் 'இருக்கை' போல அதுவும் இருத்தல் என்னும் தொழிலைக் கொண்டே அமைந்திருத்தல் காண்க.

இச்சொல்லின் வழித்தோன்றல்கள் பல. மேனாட்டில் ஆசிரியர் இருந்து போதிக்கும் இருக்கைக்கும், ஆயர் வீற்றிருக்கும் ஆசனத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆயரின் ஆசனம் உள்ள ஆலயத்தை ஆங்கிலத்திற் 'கதீட்ரல்' என்பர். 2012 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாக ஆக்கப்பட்டபோது புளியந்தீவு மரியாள் ஆலயம் அந்நிலை பெற்றது. அதன் பெயருக்குள்ளும் நம் வீட்டுக் கதிரையே மறைந்திருக்கின்றது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து 'சேர்' என ஆனதும் இதுவே. ஸ்பானிய மொழியில் இதன் உடன்பிறப்பான 'கதேரா' இருக்கையைக் குறிப்பதை விட்டு, இருப்பவரின் இடுப்பைக் குறிப்பதாயிற்று. இடத்தின் பெயர் இடத்தைச் சார்ந்த உறுப்புக்கு ஆயிற்று. இதனை நம் இலக்கணத்தார் கண்டிருப்பின் ஆகுபெயர் என்று எளிதில் வகுத்திருப்பர்.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505 இல். யாழ்ப்பாண அரசு அவர் கைப்பட்டது 1619 இல். மட்டக்களப்பு வாவியின் நடுவே புளியந்தீவில் அவர்கள் கோட்டை கட்டியது 1628 இல். பத்தே ஆண்டுகள் சென்றன. 1638 இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் முதன்முதற் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோட்டை எங்கள் புளியந்தீவுக் கோட்டையே. பீரங்கியோடு வந்தவர் பத்தாண்டிற் போயினர்; கதிரையோ போகவில்லை.

அது போகாமைக்கு ஒரு காரணம் இங்கே கண்முன் உள்ளது. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலே தங்கிவிட்டனர். அவர்தம் முதியோர் சிலர் இன்றும் தம் வீடுகளிற் போர்த்துக்கேயக் கலப்பு மொழி ஒன்றைப் பேசுகின்றனர். ஊரோடு பேசுவது தமிழ். அவர்களிற் பலர்க்கு வழிவழியாக வந்த தொழில்கள் தச்சும் கொல்லும் தையலும் ஆகும். ஒரு பொருளின் பெயர் அதனைச் செய்வோர் நாவிலே நெடுநாள் வாழும். கீழ் மாகாணக் காடுகளில் வளர்ந்த முதிரை மரத்தை வாங்கி, அறுத்து, சீவி, இழைத்து, பிரம்பு பின்னிக் கதிரையாக்கிக் கொடுத்த கை எந்தச் சொல்லைச் சொல்லிற்றோ, அந்தச் சொல்லையே வாங்கிய கையும் சொல்லிற்று. என் மாணவன் சொன்ன விடையின் உண்மை இதுவே. அவன் தந்தை செய்தது கதிரைதான்.

தமிழ் அதனை ஏற்ற முறை

இனி, பண்டிதர் பக்கத்து நியாயத்தையும் ஆராய்வோம். பிறமொழிச் சொல் தமிழிற் புகலாமா என்பது புதிய கேள்வியன்று. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை வகுத்தபோது இயற்சொல், திரிசொல் என்ற இரண்டோடு நில்லாது, திசைச்சொல், வடசொல் என்று மேலும் இரண்டு கூறினார். நன்னூலார் திசைச்சொல்லின் எல்லையை இன்னும் விரித்து, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களோடு, பதினெண் நிலங்களுள் தமிழ் வழங்காதனவற்றையும் சேர்த்துக்கொண்டார். உரைகாரர் காட்டும் அப்பதினெண் நிலங்களுட் சிங்களமும் சீனமும் சாவகமும் உள. போர்த்துக்கல் அங்கே இல்லை. அக்காலத்து அவர்கள் நம் கரைக்கு வந்திலர். வந்திருப்பின் உரைகாரர் அவர்களையும் ஒரு மூலையிற் சேர்த்திருப்பர் என்றே நினைக்கின்றேன்.

ஏற்பதற்கும் ஒரு முறை உண்டு. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெயர் தமிழில் ஐகாரமாக முடியும் என்பது நன்னூல் விதி. சீதா என்பது சீதை ஆயிற்று; மாலா என்பது மாலை ஆயிற்று. இப்பொழுது கதிரையைப் பாருங்கள். 'கதெய்ரா' என்பதன் ஈற்று ஆகாரம் ஐகாரமாகிக் 'கதிரை' ஆயிற்று. 'மேசா' என்பது மேசை ஆயிற்று. 'பேனா' என்பது பேனை ஆயிற்று. இவற்றை ஆக்கியவர் பண்டிதர் அல்லர்; கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற பொதுமக்கள். நன்னூலைக் கண்ணாற் காணாத அவர்கள் நன்னூல் விதி வழுவாமல் அச்சொற்களைத் தமிழாக்கினார்கள். சீதையை எந்த வாயில் வழியாக உள்ளே அழைத்தோமோ, அதே வாயிலாற்றான் கதிரையும் வந்தது. ஒன்றனை வணங்கி ஏற்று மற்றொன்றனை வெட்டி எறிதற்கு இலக்கணத்தில் இடமில்லை.

உள்ளே வந்த சொல் விருந்தாளியாய் ஒதுங்கி நிற்கவும் இல்லை. கதிரையை, கதிரையால், கதிரைக்கு, கதிரையின், கதிரையில் என்று எல்லா வேற்றுமை உருபும் அதற்குப் பொருந்தின. சாய்மனைக் கதிரை, பிரம்புக் கதிரை, கைக்கதிரை என்று அடைகொளி பெற்றது. 1994 ஆம் ஆண்டுத் தேர்தலிற் கதிரை ஒரு கட்சிக் கூட்டணியின் சின்னமாகி ஊரெங்கும் சுவரேறிற்று. அதிகாரத்தை விடமாட்டாத ஒருவரைக் 'கதிரையை விடமாட்டார்' என்று சொல்லும் வழக்கும் பிறந்தது. ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டுக் குறிப்புப் பொருளிலும் வழங்கத் தொடங்கினால், அது அம்மொழியில் வேர் கொண்டுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

"கதிரையில் இருங்கள்" என்று வந்தவரை உபசரிக்கிறோம். இச்சிறு வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டார் 'உட்காருங்கள்' என்னும் இடத்து நாம் 'இருங்கள்' என்கிறோம். சங்கச் சான்றோர் அமர்தற் பொருளில் வழங்கிய 'இரு' என்னும் வினையை நம் நாட்டார் இன்றும் அப்பொருளிலே காத்து வருகின்றனர். மட்டக்களப்பு வழக்கிற் பழந்தமிழ் வாழ்வதைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் 1964 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்த வினையும், நானூறு ஆண்டு வாழ்ந்த பெயரும் ஒரே வாக்கியத்தில் அருகருகே இருக்கின்றன. ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

நாற்காலியின் நியாயம்

நாற்காலி நல்ல தமிழ்ச் சொல். அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. நான்கு கால்களை உடையது என்னும் காரணம் பற்றி எழுந்த பெயர். கட்டிலுக்கும் மேசைக்கும் மாட்டுக்கும் நான்கு கால்கள் உண்டே என்று குறும்பு செய்வோர்க்கு, காரணப் பெயராயினும் ஒன்றற்கே உரியதாய் வழங்குதலின் அது காரண இடுகுறி என்று நன்னூல் கற்ற மாணவனே விடை சொல்லிவிடுவான். அலுவலகங்களிற் சுழலும் ஒற்றைக் காற் கதிரையையும் நாற்காலி என்று சொல்லலாமா எனக் கேட்பின், சொல்லலாம் என்பதே விடை. வழக்கு காரணத்தை வென்றுவிடும்.

ஆனால் நாற்காலி வழங்கும் தமிழ்நாட்டிற் பேச்சு வழக்கைக் கவனித்தேன். ஏட்டில் நாற்காலி என்று எழுதுவோர் பலர் வீட்டிற் 'சேர்' என்றே சொல்கின்றனர். அஃது ஆங்கிலம், ஆங்கிலத்துக்கு அது வந்ததோ அதே இலத்தீனக் 'கதேத்ரா'விலிருந்து. ஆகவே அவர்கள் நாவில் இருப்பதும் நம் கதிரையின் உடன்பிறப்பே. ஒரே பாட்டியின் பேர்த்திகள் இருவர். ஒருத்தி போர்த்துக்கேயக் கப்பலிலும் மற்றொருத்தி ஆங்கிலக் கப்பலிலும் வந்து தமிழ்க் கரையின் இரு பக்கத்திலும் இறங்கினர். நமக்கோ 'சேர்' என்றால் ஆசிரியர். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் முன்னே எங்கள் மாணவன் "சேர் வாறார்" என்று சொல்ல, அவர் கதவை நோக்கியபடி கதிரை நடந்து வருவதைக் காணக் காத்திருந்த கதை எங்கள் ஆசிரியர் அறையில் நெடுநாள் வழங்கிற்று.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பூட்டைத் திறக்கும் கருவியைத் தமிழ்நாட்டார் 'சாவி' என்பர். அது போர்த்துக்கேயச் 'சாவெ'. போர்த்துக்கேயர் ஆட்சிக்கு உட்பட்ட நாமோ அதனைத் 'திறப்பு' என்கிறோம், தூய தமிழ். அவர்கள் நாற்காலியில் இருந்து சாவியைத் தேடுகின்றனர். நாம் கதிரையில் இருந்து திறப்பைத் தேடுகிறோம். யார் தமிழ் தூயது? கணக்குப் பார்க்கப் புகின் இரு கரையாரும் கடனாளிகளே.

வீட்டைச் சுற்றிப் பார்த்தாற் கடன் இன்னும் விளங்கும். அலுமாரி போர்த்துக்கேயம். வகுப்பறையிற் பிள்ளைகள் வரிசையாய் இருக்கும் வாங்கு போர்த்துக்கேயப் 'பாங்கோ'. மேசையின் லாச்சி ஒல்லாந்தம். அன்று நான் அம்மாணவனின் கட்டுரையைத் திருத்திய வகையை இப்பொழுது நினைத்தாற் சிரிப்பு வருகின்றது. கதிரையில் இருந்து, மேசையில் கொப்பியை விரித்து, லாச்சியிலிருந்து பேனையை எடுத்துப் பிறமொழிச் சொல்லை விலக்குமாறு கட்டளை எழுதினேன்.

கொடுத்த கணக்கும் உண்டு. கட்டில் நமது பழஞ்சொல். வடமொழியிற் 'கட்வா' என வழங்கும் சொல் திராவிடத்திலிருந்து சென்றது என்பர் மொழிநூலார் பலர். அதன் வழிவந்த இந்துஸ்தானிக் 'காட்' என்பதையே ஆங்கிலேயர் 'கொட்' என்று கொண்டனர். மேனாட்டார் நமக்கு இருக்கக் கதிரை தந்தனர். அவர்கள் படுக்கக் கட்டில் இங்கிருந்து போயிற்று. சிங்களவர் மேசையையும் அலுமாரியையும் போர்த்துக்கேயரிடம் பெற்றும், கதிரையைப் பெறாது 'புட்டுவ' என்றனர். வடஇந்தியாவிலும் தெலுங்கு, கன்னட நாடுகளிலும் வழங்கும் 'குர்சி' அரபிலிருந்து வந்தது. அரபில் அதற்கு அரியணை என்னும் பொருளும் உண்டு. எங்கள் முஸ்லிம் அயலவர் நாள்தோறும் ஓதும் ஆயத்துல் குர்ஸியில் வருவது அச்சொல்லே. எம்மொழி எச்சொல்லை ஏற்கும் என்பதை எந்தப் பண்டிதனும் முன்கூட்டி விதித்தானல்லன்.

இருக்கையும் மதிப்பும்

இவ்வளவும் சொல்லின் வரலாறு. சொல்லப்பட்ட பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை விட்டால் இக்கட்டுரை பாதியிலே நின்றுவிடும்.

இருக்கை என்பது எந்நாட்டிலும் வெறும் மரமன்று. அது தரத்தின் அடையாளம். பழந்தமிழிற் 'கட்டில்' என்பதே அரியணைக்கும் பெயர். 'அரசு கட்டிலிற் றுஞ்சிய' என்னும் அடையோடு ஒரு பாண்டியன் பெயர் வழங்கியமை காண்க. தவிசு என்பது உயர்ந்தோர் இருக்கை; இன்று நம் பிரதேச சபைத் தலைவரைத் தவிசாளர் என்கிறோம். முரசு வைக்கும் கட்டிலை அறியாது அதில் ஏறித் துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரை, தண்டிக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி கொண்டு வீசி நின்ற கதையைப் புறநானூற்றிற் கற்றவர் மறவார். புலவன் களைத்திருந்தான், கட்டில் மெத்தென்றிருந்தது. அவ்வளவே மன்னன் கண்டான். இருக்கையின் தரத்தை விட இருப்பவனின் களைப்பு அவனுக்குப் பெரிதாயிற்று.

நான் பிறந்தது வாவியின் மேலைக் கரையாகிய படுவான்கரையில் ஓர் உழவர் வீட்டில். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதிரை இருந்தது. முதிரை மரத்தாலானது, பிரம்பு பின்னியது. நகரத்திற் செய்வித்துத் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுவந்ததாகத் தந்தையார் சொல்வார். கிராம சேவையாளர் வந்தால் அது முன் விறாந்தைக்கு வரும். பாடசாலைப் பரிசோதகர் வந்தால் வரும். அவர்கள் போனதும் துடைத்து உள்ளே வைக்கப்படும். வயலில் எங்களோடு பாடுபட்டவர்கள் குந்தின் ஓரத்தில் இருப்பர். அவர்களுக்குக் கதிரை கொடுத்ததை நான் கண்டதில்லை. இதைச் சொல்ல நாணமாயிருக்கிறது; ஆயினும் உண்மை. என் தாயாரோ பன்பாயிலே இருப்பார். அல்லது அடுப்படிப் பலகையிலே இருப்பார். நாள்தோறும் அக்கதிரையைத் துடைத்தவர் அவரே. அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியை மட்டக்களப்பார் மறக்கமாட்டார்கள். எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. கூரை முன்னிரவிலேயே போயிற்று. எஞ்சிய சுவரின் ஓரத்திலே, கைக்குழந்தையாயிருந்த தங்கையை மடியில் அணைத்துக்கொண்டு விடியுமட்டும் தாயார் குந்தியிருந்தார். விடிந்து பார்த்தபோது ஊரில் நின்ற தென்னைகளைக் காணோம். கதிரை வேலியோரத்தில் மல்லாந்து கிடந்தது; ஒரு கை முறிந்திருந்தது. தந்தையார் மாடுகளைத் தேடிப் போய்விட்டார். நான் கதிரையை இழுத்துவந்து முற்றத்தில் நிமிர்த்தி வைத்தேன். தாயார் அதைச் சற்று நேரம் பார்த்து நின்றார். பின், "கொஞ்சம் இதில இருக்கன் மனே" என்று சொல்லி, குழந்தையோடு அதில் இருந்தார். என்னிடம் அனுமதி கேட்பது போல இருந்தது அந்தக் குரல்.

தந்தையார் திரும்பி வந்தார். அவரைக் கண்டதும் தாயார் பதறி எழப் பார்த்தார். தந்தையார் கையை அசைத்து, "இரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தாம் ஈரத் தரையிலே, கதிரையின் காலடியிலே இருந்தார். அந்தக் காலையிற் கேட்ட 'இரு' என்னும் ஒரு சொல்லுக்கு நான் கற்ற இலக்கண நூல்களில் உரை தேடி இன்னும் காணவில்லை. அந்நாள் தொடக்கம் கதிரை உள்ளே போகவில்லை. கை முறிந்தபடியே விறாந்தையிற் கிடந்தது. களைத்து வந்தவர் யாராயினும் அதில் இருந்தார்கள். வயலிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

என் தாயார் இருந்தது கதிரையில். அதை நான் நாற்காலி என்று எழுதினால் அந்தக் காட்சி எனக்கு அயலார் வீட்டுக் காட்சியாகிவிடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாணவன் கொப்பியைத் திருத்திய அன்று இது நினைவுக்கு வரவில்லை. என் வீட்டுக் கதிரைக்கு நான் உள்ளத்தில் வைத்திருந்த இடத்தை அவன் வீட்டுக் கதிரைக்குக் கொடுக்க மறுத்தேன். அவனுக்கும் அது தந்தையின் கைத்தொழில். தன் இனத்தார் இந்த வாவிக்கரைத் தமிழுக்குக் கொடுத்த சொல். அதைப் பிறமொழி என்று வெட்டியபோது, அவனையே பிறன் என்று சொன்னதாய் முடிந்தது.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

தனித்தமிழ் முயற்சியை நான் இகழ்கின்றேனல்லேன். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், அறிவியல் தமிழில் வரவேண்டுமென்று 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணியில் உழைத்தவர். அவ்வுழைப்பின் பயனை இன்றும் நுகர்கின்றோம். ஆயினும் பெயரில்லாத புதுப்பொருளுக்குப் பெயர் தேடுதல் ஒரு பணி. மக்கள் நாவில் நானூறு ஆண்டு வாழ்ந்து தமிழ் உருப்பெற்ற சொல்லை வெட்டுதல் வேறொரு பணி. முன்னையது மொழியை வளர்க்கும். பின்னையது, மொழியைப் பேசுவோரை மொழியிலிருந்து பிரிக்கும். நாற்காலியையும் கற்பிப்போம், தமிழ்நாட்டு நூல்களைப் படிக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் கதிரையை வெட்டிவிட்டு அதனைக் கற்பிக்க வேண்டா.

இப்பொழுது என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஐயமான சொல் வந்தாற் சிவப்பு மையைத் தொடுவதில்லை. "இந்தச் சொல்லை யாரிடம் கேட்டாய்?" என்று பக்கத்தில் எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டிற் கேட்டு வருகிறார்கள். ஒருத்தி மீன்பிடிக்கும் பாட்டனிடமிருந்தும், ஒருவன் பாய் பின்னும் பெரியம்மாவிடமிருந்தும், இன்னொருவன் அயலிலுள்ள முஸ்லிம் வீட்டிலிருந்தும் சொற்களைக் கொண்டு வருகிறார்கள். அகராதியில் இல்லாத சொற்களும் அவற்றுட் பல.

கட்டுரை எழுதிய அந்தப் பறங்கிப் பிள்ளைக்கு மாத்திரம் நான் இவ்வாறு செய்ய இயலவில்லை. கதிரையின் வரலாற்றை நான் கற்று முடிப்பதற்குள் அவன் படிப்பை நிறுத்தித் தந்தையோடு தொழிலுக்குப் போய்விட்டான் என்று கேள்வி. அவன் கொப்பியில் என் பதினொரு சிவப்புக் கோடுகளும் அப்படியே கிடக்கும். அவன் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால், அவை பதினொன்றும் என் பிழைகள் என்று கொள்வானாக. அவன் எழுதியது சரி.